எம்டன் கப்பலின் காப்டன்

கீழ்பென்னாத்தூருக்கும் கடலுக்கும் வெகுதூரம். மேற்கே போனால் திருவண்ணாமலை. கிழக்கே போனால் செஞ்சிக் கோட்டை. அதையும் தாண்டித் திண்டிவனம் போய், இன்னும் கிழக்கே போனால்தான் கடற்காற்று முகத்தில் படும். கப்பலையே கண்ணால் பார்க்காமல் ஆயுளைக் கழித்தவர்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஏராளம்.

ஆனாலும் ஒரு கப்பலின் பெயர் இங்கேயும் எல்லோருக்கும் தெரியும். வாய்த்துடுக்கும் கைச்சேட்டையும் உள்ள பையனைப் பார்த்தால், இவன் சரியான எம்டன் என்பார்கள் பாட்டிமார்கள். எடையில் கைவைத்து ஏமாற்றும் வியாபாரிக்கும் அதே பட்டம்தான். வீட்டில் அதட்டி மிரட்டும் அப்பாவுக்கும் பிள்ளைகள் மறைவில் வைக்கும் பெயர் எம்டன்.

எம்டன் என்பது மனிதனின் பெயர் அல்ல. ஜெர்மனி தேசத்தில் உள்ள ஒரு துறைமுகப் பட்டணத்தின் பெயர். அந்தப் பெயரை ஒரு போர்க்கப்பலுக்குச் சூட்டினார்கள். அந்தப் போர்க்கப்பல் 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைக் கடலில் வந்து நின்று குண்டு வீசியது. சென்னை நகரமே கதிகலங்கியது. அன்றிலிருந்து எம்டன் தமிழ்ச் சொல்லாகிவிட்டது.

சரி, அந்தக் கப்பலை நடத்தி வந்தவர் யார்? பெரிய மீசையும் உருட்டும் கண்ணுமாக ஒரு முரடரை மனதில் நினைத்தால் ஏமாந்து போவோம். அவர் பெயர் கார்ல் வான் முல்லர். மெலிந்த உடம்பு. அதிகம் பேசமாட்டார். கூச்ச சுபாவம் உள்ளவர். தான் பிடித்த கப்பல்களில் இருந்த ஒரு மாலுமியின் உயிருக்கும் சேதம் வரக் கூடாது என்று பாடுபட்டவர். அப்படிப்பட்டவர் கையில்தான் அந்தப் பீரங்கிகள் இருந்தன.

பட்டாளத்துக்காரரின் மகன்

முல்லர் 1873-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி ஹனோவர் நகரில் பிறந்தார். தகப்பனார் பிரஷ்யப் பட்டாளத்தில் அதிகாரி. மகனையும் பட்டாளப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார். ஆனால் பையனின் மனம் தரைப்படையில் நிற்கவில்லை. கடலை நாடியது. 1891-ல், 17 வயதில், கடற்படையில் சேர்ந்துவிட்டார்.

அங்கே அவருக்கு வேகமான முன்னேற்றம் ஒன்றும் கிடைக்கவில்லை. பயிற்சிக் கப்பல், பிறகு சமிக்ஞை அதிகாரி வேலை என்று வருஷங்கள் போயின. ஒரு சிறு பீரங்கிப் படகில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அனுப்பினார்கள். அங்கே மலேரியாக் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சல் அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை. குளிரும் நடுக்கமுமாக வரும், போகும், மறுபடியும் வரும்.

பின்னர் பெர்லின் நகரில் கடற்படைத் தலைமை அலுவலகத்தில் உத்தியோகம். அங்கே அமைச்சராக இருந்தவர் தளபதி டிர்பிட்ஸ். ஜெர்மனிக்குப் பெரிய கடற்படை வேண்டும் என்று இரவு பகலாக உழைத்தவர் அவர். முல்லரின் வேலைத் திறமை அவருக்குப் பிடித்துவிட்டது. 1913-ம் ஆண்டில் எம்டன் கப்பலின் காப்டன் பதவி முல்லருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 40-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை.

சண்டை எதனால் வந்தது?

இங்கே கொஞ்சம் நின்று, அந்த யுத்தம் எதனால் மூண்டது என்று பார்க்க வேண்டும். கிழவர்கள் அதை ஜெர்மன் சண்டை என்பார்கள். சரித்திரப் புத்தகங்கள் முதல் உலகப் போர் என்று சொல்லும்.

நீராவி எந்திரம் வந்த பிறகு உலகமே மாறிவிட்டது. ஆயிரம் பேர் கையால் நெய்த துணியை ஒரு ஆலை நெய்தது. ஆலைக்குப் பஞ்சு வேண்டும், எண்ணெய் வேண்டும், ரப்பர் வேண்டும். செய்த சரக்கை விற்கச் சந்தை வேண்டும். இவற்றுக்காக ஐரோப்பிய நாடுகள் உலகத்தையே பங்கு போட்டுக்கொண்டன. முதலில் புறப்பட்ட பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் பெரிய பங்கு கிடைத்தது. இந்தியா பிரிட்டன் கையில் இருந்தது.

ஜெர்மனி பிந்தி வந்த பங்காளி. 1871-ல்தான் அது ஒரே நாடாக ஒன்று சேர்ந்தது. சேர்ந்த சில வருஷங்களிலேயே இரும்பிலும் எந்திரத்திலும் பிரிட்டனுக்கு இணையாக வளர்ந்துவிட்டது. பந்தியில் உட்காரும்போது இலை காலி. அந்தக் கோபம் அதற்கு. பிரிட்டன் ஒரு பெரிய போர்க்கப்பல் கட்டினால் ஜெர்மனியும் ஒன்று கட்டும். ஜெர்மனி இரண்டு கட்டினால் பிரிட்டன் நான்கு கட்டும். இப்படியே போட்டி வளர்ந்தது.

தனியாக நிற்க எல்லோருக்கும் பயம். ஆகவே கூட்டு சேர்ந்தார்கள். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரு கட்சி. பிரான்சும் ரஷ்யாவும் மறு கட்சி. பிரிட்டன் அந்தப் பக்கம் சாய்ந்தது. கூட்டு சேர்ந்தது பாதுகாப்புக்காக. ஆனால் கிராமத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் வரப்புக்குச் சண்டை போட, சம்பந்திகளும் மச்சான்மார்களும் அரிவாளோடு வந்து சேர்ந்த கதையாக அது முடிந்தது.

1914-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் ஒரு வாலிபன் சுட்டுக் கொன்றான். ஆஸ்திரியா செர்பியா மீது பாய்ந்தது. செர்பியாவுக்காக ரஷ்யா எழுந்தது. ரஷ்யா மீதும் பிரான்சு மீதும் ஜெர்மனி பாய்ந்தது. ஆகஸ்டு 4-ந் தேதி பிரிட்டனும் இறங்கியது. ஆறு வாரத்துக்குள் ஐரோப்பா முழுவதும் தீ.

பிரிட்டன் இறங்கியதும் இந்தியாவும் யுத்தத்தில் சேர்ந்துவிட்டதாக வைஸ்ராய் அறிவித்தார். இந்திய மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் யுத்தம் கிராமத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஆர்க்காட்டுச் சீமையில் விளைந்த வேர்க்கடலை (இந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லும் மல்லாட்டை) கப்பல் ஏறிப் பிரான்சு தேசத்து மார்செயில் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே எண்ணெய் ஆலைகள் இருந்தன. யுத்தம் மூண்டதும் கப்பல் கிடைக்கவில்லை. மல்லாட்டை விலை விழுந்தது. சரயேவோ எங்கே இருக்கிறது என்றே அறியாத குடியானவன் கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றான்.

தனியாகப் புறப்பட்ட கப்பல்

சீனாவில் சிங்டாவ் என்ற துறைமுகத்தை ஜெர்மனி குத்தகைக்கு வாங்கி வைத்திருந்தது. எம்டன் அங்கேதான் இருந்தது. நீளம் 118 மீட்டர். பத்துப் பீரங்கிகள். மூன்று புகைபோக்கிகள். வெள்ளை வர்ணம் பூசி அழகாக நின்றதால் கீழ்த்திசை அன்னம் என்று அதற்குச் செல்லப் பெயர். 350-க்கும் மேற்பட்ட ஆட்கள் அதில் வேலை செய்தார்கள். துணி வெளுப்பதற்குச் சீனத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

யுத்தம் வந்ததும் ஜெர்மன் கப்பல்கள் பசிபிக் கடலில் பாகன் என்னும் தீவில் கூடின. எல்லாக் கப்பல்களையும் அழைத்துக்கொண்டு தென் அமெரிக்கா பக்கம் போவதாகத் தளபதி ஸ்பே முடிவு செய்தார். அப்போது முல்லர் ஒரு யோசனை சொன்னார். ஒரே ஒரு கப்பலை மட்டும் இந்தியக் கடலுக்கு அனுப்பினால் பிரிட்டிஷ் வியாபாரத்தையே கலக்கிவிடலாம் என்றார். சொன்னவர் தலையிலேயே அந்த வேலை விழுந்தது. ஆகஸ்டு 14-ந் தேதி எம்டன் பிரிந்தது. துணைக்கு ஒரு நிலக்கரிக் கப்பல் மட்டும்.

அந்தக் காலத்துப் போர்க்கப்பலுக்கு நிலக்கரிதான் சோறு. நிலக்கரி தீர்ந்தால் பத்துப் பீரங்கி இருந்தும் அது மிதக்கும் இரும்புக் கூடு. துறைமுகம் எல்லாம் எதிரிகளுடையது. ஆகையால் நடுக்கடலில், அலையில் ஆடிக்கொண்டே, கூடை கூடையாக நிலக்கரியைக் கைமாற்ற வேண்டும். வெயிலில் அந்தக் கரித்தூளில் மாலுமிகள் மயங்கி விழுவார்கள். சினிமாவில் காட்டும் கடல் யுத்தத்தில் இந்தப் பாட்டை யாரும் காட்டுவதில்லை.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிதானே? மரச்சட்டமும் கித்தான் துணியும் கொண்டு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் போர்க்கப்பல் போலவே இருக்கும். தமிழில் எம்டன் என்றால் தந்திரக்காரன் என்று அர்த்தம் வந்ததற்கு இந்தப் புகைபோக்கியும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

வங்கக் கடலில் வேட்டை

செப்டம்பர் மாதம் வங்கக் கடலில் எம்டன் நுழைந்தது. முதலில் அகப்பட்டது ஒரு கிரேக்கக் கப்பல். உள்ளே ஆயிரக்கணக்கான டன் வங்காளத்து நிலக்கரி. அடுத்து செப்டம்பர் 10-ந் தேதி இண்டஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் சிக்கியது. அதிலே பெட்டி பெட்டியாகச் சோப்பு இருந்தது. எம்டனில் சோப்புத் தட்டுப்பாடு. கரிபூசிய மாலுமிகள் அன்றைக்குப் பட்ட ஆனந்தத்துக்கு அளவில்லை.

முல்லர் ஒரு முறை வைத்திருந்தார். கப்பலை நிறுத்துவார். அதில் உள்ள எல்லோரையும் இறக்கிப் பத்திரமாக வேறு கப்பலில் ஏற்றுவார். சாமான்களை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுப்பார். பிறகுதான் காலிக் கப்பலை மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலைப் பிடித்தபோது அதன் காப்டனோடு அவர் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அந்தக் கப்பலை முல்லர் மூழ்கடிக்கவில்லை. பிடிபட்ட எல்லோரையும் அதில் ஏற்றி, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். விடுதலையான பிரிட்டிஷ் மாலுமிகள் தங்கள் கப்பல்களை அழித்த எம்டனைப் பார்த்து ஆரவாரம் செய்து வழியனுப்பினார்கள்.

இப்படி மூன்று மாதத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வியாபாரக் கப்பல்கள் சிக்கின. தேயிலை, சர்க்கரை, எந்திரங்கள் எல்லாம் கடலுக்கு அடியில் போயின. கல்கத்தாவிலும் கொழும்பிலும் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பப் பயந்தன.

முல்லர் தன் அறையில் படுத்துத் தூங்குவது அபூர்வம். கப்பலின் மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருந்தார். கடல் படத்தை மடியில் விரித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். அங்கேயே கண்ணயர்வார்.

நவராத்திரி இரவு

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. நவராத்திரி நாட்கள். சென்னையில் வீட்டுக்கு வீடு கொலு வைத்திருந்தார்கள். அமாவாசை கழிந்து மூன்றே நாட்கள் ஆனதால் வானத்தில் நல்ல இருட்டு.

ஊரில் மட்டும் இருட்டு இல்லை. யுத்த காலத்தில் விளக்குகளை அணைத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த நாளில் சென்னைக் கலங்கரை விளக்கம் ஐகோர்ட்டுக் கட்டிடத்தின் கோபுரத்தின் மேல் இருந்தது. அதுவும் வழக்கம் போல் ஒளி வீசிக்கொண்டிருந்தது. எம்டனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை.

இரவு 9½ மணி சுமார். கரைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் எம்டன் வந்து நின்றது. மின்சாரத் தேடுவிளக்கு பளீரென்று எரிந்து, துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது விழுந்தது. அடுத்த நிமிஷம் பீரங்கிகள் முழங்கின.

இரண்டு தொட்டிகள் தீப்பற்றின. லட்சக்கணக்கான காலன் எண்ணெய் வானமெல்லாம் சிவக்க எரிந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன. எம்டன் மீது ஒன்றும் படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு, விளக்குகளை அணைத்துக்கொண்டு எம்டன் இருட்டில் மறைந்தது.

எண்ணெயை எரிக்க வேண்டும், பிரிட்டிஷார் சாமர்த்தியத்தில் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையை அசைக்க வேண்டும், இவ்வளவுதான் முல்லரின் நோக்கம். ஊர் ஜனங்களைக் கொல்ல வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. ஆனால் பீரங்கிக் குண்டுக்குக் கண் இல்லை. குறி தவறிய குண்டுகள் பல இடங்களில் விழுந்தன. ஐகோர்ட்டு மதில்சுவரில் ஒன்று வெடித்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வியாபாரக் கப்பல் மீதும் விழுந்தது. அன்றிரவு ஐந்து பேர் மாண்டார்கள். பலர் காயம் அடைந்தார்கள். யுத்தத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிழைப்புக்காகத் துறைமுகத்துக்கு வந்தவர்கள்.

மறுநாள் சென்னையே ஓட்டம் பிடித்தது. மூட்டை முடிச்சுகளோடு ரெயில் நிலையங்களில் கூட்டம் நெரிந்தது. டிக்கெட்டு கிடைக்காதவர்கள் வண்டி கட்டினார்கள். வண்டி கிடைக்காதவர்கள் நடந்தார்கள். ஜெர்மன்காரன் மறுபடியும் வருகிறான், புதுச்சேரியில் இறங்கிவிட்டான் என்று வதந்திகள் ஆளுக்கு முன்னால் ஓடின. போனவர்கள் வாய் சும்மா இருக்குமா? பார்த்ததோடு பார்க்காததையும் சேர்த்துச் சொன்னார்கள். எம்டன் என்ற பெயர் உள்நாட்டுக்கு வந்த வழி அதுதான். கடலைக் காணாத கிராமத்திலும் அழுகிற குழந்தைக்கு எம்டன் பூச்சாண்டியானான்.

திருவனந்தபுரத்துப் புரட்சி வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்து குண்டு வீசினார் என்று ஒரு பேச்சு தமிழ்நாட்டில் வெகுகாலமாக உண்டு. நம்மவர் ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை இயற்கைதான். ஆனால் அந்த மாதத்தில் அவர் ஸ்விட்சர்லாந்தில், சூரிக் நகரில், இந்திய விடுதலைக்குச் சங்கம் அமைத்துக்கொண்டிருந்தார். எம்டனில் இருந்தவர்கள் பின்னாளில் எழுதிய புத்தகங்கள் பல உண்டு. அவற்றிலும் இந்தியர் ஒருவர் வந்ததாக இல்லை. பிள்ளை அவர்களின் தியாகத்துக்கு எம்டன் கதை தேவையும் இல்லை.

யுத்தம் தெரியாத தீவு

சென்னையை விட்ட எம்டன் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போய் மேலும் பல கப்பல்களைப் பிடித்தது. அக்டோபர் 9-ந் தேதி தியேகோ கார்சியா என்ற சிறு தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷாருக்குச் சொந்தமான தீவு. முல்லர் எதற்கும் தயாராக இருந்தார். ஆனால் அங்கிருந்தவர்கள் சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள். காரணம், தபால் கப்பல் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. உலகத்தில் யுத்தம் நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது!

முல்லர் அதைச் சொல்லவும் இல்லை. தீவுக்காரர் ஒருவரின் எந்திரப் படகு பழுதாகிக் கிடந்தது. எம்டன் மாலுமிகள் அதைச் சரிசெய்து கொடுத்தார்கள். தீவுக்காரர்கள் மீனும் பழமும் பன்றியும் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் பிரிட்டிஷ் மனிதரும் ஜெர்மன் மனிதரும் எதிரிகளாக இல்லை. தகவல் வராததுதான் அதற்குக் காரணம்.

அக்டோபர் 28-ந் தேதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் எம்டன் நுழைந்தது. பொய்ப் புகைபோக்கியோடுதான். உள்ளே ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல் நின்றது. அதன் காப்டன் கரையில் இருந்தார். காவல் சரியாக இல்லை. எம்டன் நீர்மூழ்கிக் குண்டை ஏவியது. ரஷ்யக் கப்பல் பிளந்து மூழ்கியது. சுமார் 90 ரஷ்ய மாலுமிகள் இறந்தார்கள். வெளியே வரும் வழியில் மஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பல் எதிர்த்தது. அதுவும் மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சுக்காரர்களில் 36 பேரை எம்டன் தூக்கிக் காப்பாற்றியது. காயத்தால் இறந்தவர்களை ராணுவ மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார்கள்.

அன்று காலையில் ஆயுதம் இல்லாத சிறு படகு ஒன்றின் மீது எம்டன் தவறாகச் சுட்டுவிட்டது. அதற்காக வருந்துவதாக, வழியில் கண்ட பிரிட்டிஷ் கப்பல் மூலம் முல்லர் பினாங்குக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். தொண்ணூறு பேரைக் கொன்ற கையோடு ஒரு படகுக்காக மன்னிப்புக் கேட்பதா என்று இன்றைக்குச் சிரிப்பு வரலாம். அவர் நியாயத்தில் போர்க்கப்பல் வேறு, வெறும் படகு வேறு.

கடைசிக் காலை

நவம்பர் 9-ந் தேதி. கோக்கோஸ் தீவுகளில் பிரிட்டிஷாரின் தந்தி நிலையம் இருந்தது. ஆஸ்திரேலியாவை வெளியுலகத்தோடு இணைக்கும் கடலடிக் கம்பி அங்கே வந்து போயிற்று. அதை அறுக்க, மூக்கே என்ற அதிகாரியின் தலைமையில் சுமார் 50 பேரை முல்லர் கரைக்கு அனுப்பினார். கம்பித் தூணை வெட்டிச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி தந்தி ஊழியர்கள் கேட்டுக்கொண்டார்கள். அப்படியே செய்தார்கள்.

ஆனால் அந்த ஊழியர்கள் முன்பே முந்திக்கொண்டார்கள். அன்னியக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று கம்பியில்லாத் தந்தி பறந்துவிட்டது. நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆஸ்திரேலியப் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் திரும்பிப் பாய்ந்து வந்தது.

சிட்னி பெரியது. வேகம் அதிகம். பீரங்கிகளும் பெரியவை. எம்டன் குண்டு எட்டாத தூரத்தில் நின்று அது சுடலாம். முதலில் எம்டனின் குறிதான் சரியாக விழுந்தது. சிட்னியில் நான்கு பேர் இறந்தார்கள். பிறகு சிட்னியின் குண்டுகள் விழத் தொடங்கின. புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. சுக்கான் போயிற்று. தளமெல்லாம் தீ. ஆட்கள் இல்லாத பீரங்கிகள் ஒன்றன் பின் ஒன்றாக மௌனமாயின. இனிச் சண்டையிட வழியில்லை என்று கண்ட முல்லர், மிஞ்சிய உயிர்களையாவது காப்பாற்ற, வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறை மீது கப்பலை ஓட்டி ஏற்றினார். அப்போது பகல் 11 மணிக்கு மேல்.

கொடி மட்டும் கம்பத்தில் பறந்துகொண்டிருந்தது. வேறு கப்பலைத் துரத்திப் போன சிட்னி மாலையில் திரும்பி வந்து, கொடி இறங்காததைக் கண்டு மறுபடியும் சுட்டது. அந்தச் சில நிமிஷங்களிலும் ஆட்கள் மாண்டார்கள். அதன் பிறகே கொடி இறங்கியது.

அன்றிரவைத்தான் யுத்தம் என்று சொல்ல வேண்டும். குடிதண்ணீர்த் தொட்டிகள் உடைந்துவிட்டன. காயம்பட்டவர்கள் தண்ணீர் தண்ணீர் என்று கதறினார்கள். எதிரே தீவில் தென்னை மரங்கள் தெரிந்தன. இளநீர் கொண்டுவர நீந்திப் போனவர்களில் சிலரை அலை பாறையில் மோதிக் கொன்றது. மறுநாள்தான் சிட்னி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. எம்டனில் 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் துணி வெளுக்க வந்த சீனர்களும் உண்டு. அவர்களுக்கு எந்த நாட்டுக் கொடியும் சொந்தமில்லை.

முல்லர் உயிரோடு இருந்தார். சிட்னி கொழும்புத் துறைமுகத்தில் நுழைந்தபோது ஆரவாரம் செய்யக் கூடாது என்று அதன் காப்டன் கிளாசப் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். காயம்பட்ட கைதிகள் உள்ளே கிடந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் கப்பல் விளிம்பில் மௌனமாக நின்றார்கள். முல்லரும் மற்ற அதிகாரிகளும் தங்கள் வாளை வைத்துக்கொள்ள பிரிட்டிஷ் சர்க்கார் அனுமதி கொடுத்தது. எம்டன் அழிந்ததில் சந்தோஷப்பட்ட லண்டன் பத்திரிகைகள், அதன் காப்டன் பிழைத்ததிலும் சந்தோஷப்பட்டன.

கரையில் மாட்டிக்கொண்ட மூக்கேயின் ஆட்கள் ஒரு பழைய பாய்மரக் கப்பலில் ஏறித் தப்பினார்கள். அரேபியப் பாலைவனத்தைக் கடந்து 1915-ல் துருக்கியின் தலைநகரை அடைந்தார்கள். அது தனிக் கதை.

சிறையில் நான்கு வருஷம்

முல்லரை முதலில் மால்டா தீவில் வைத்தார்கள். 1916-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1917 செப்டம்பரில் அவர் தலைமையில் இருபதுக்கும் மேற்பட்ட கைதிகள் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள். எல்லோரும் பிடிபட்டுவிட்டார்கள். ஈரமும் குளிரும் நிறைந்த அந்த நாட்டில் பழைய மலேரியா மறுபடியும் எழுந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. 1918 தொடக்கத்தில், உடம்பு சரியில்லாத கைதிகளோடு சேர்த்து ஹாலந்து நாட்டுக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் ஊர் திரும்பினார்.

அதற்குள் யுத்தம் எவ்வளவோ மாறிவிட்டது. சோப்புப் பெட்டி, டென்னிஸ் மைதானம், மன்னிப்புச் செய்தி எல்லாம் 1914-ன் கதை. பிறகு விஷப்புகை வந்தது. கப்பலில் உள்ளவர்களுக்கு அவகாசம் கொடுக்காமல் தண்ணீருக்கு அடியிலிருந்து தாக்கும் நீர்மூழ்கிகள் வந்தன. முல்லர் முறையில் யுத்தம் செய்ய யாருக்கும் நேரமில்லை. இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவே இல்லை.

ஊரில் இருந்தவர்களும் தப்பவில்லை. அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறின. 1918 செப்டம்பரில் சென்னையில் பசித்த ஜனங்கள் கடைகளைச் சூறையாடினார்கள். எம்டன் குண்டு போட்டு சரியாக நான்கு வருஷம் கழித்து. அந்த ஆண்டே விஷஜுரமும் வந்து வீடு வீடாகச் சாய்த்தது. அந்த யுத்தத்தில் தமிழ்நாட்டு மண்ணில் விழுந்த குண்டு எம்டன் குண்டு மட்டும்தான். ஆனால் ஜனங்கள் பட்ட கஷ்டத்தில் அந்தக் குண்டின் பங்கு மிகக் கொஞ்சம்.

எழுதாத புத்தகம்

முல்லருக்கு ஜெர்மனியின் மிக உயர்ந்த ராணுவ விருது கிடைத்தது. பதவி உயர்வும் கிடைத்தது. ஆனால் உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1919-ல் ஓய்வு பெற்று, பிளாங்கன்பர்க் என்ற சிறு ஊரில் குடியேறினார். 1920-ல் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. பிரன்சுவிக் மாநிலச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரிய குலம், சிறிய குலம் என்ற பேதம் கூடாது என்பது அவர் பேசிய கட்சி.

எம்டனில் இருந்தவர்கள் பலர் புத்தகம் எழுதினார்கள். மூக்கே எழுதினார், அது அமோகமாக விற்றது. பதிப்பாளர்கள் முல்லரையும் தேடி வந்தார்கள். காப்டனே எழுதினால் பணம் கொட்டும் என்றார்கள். அவருக்குப் பணம் தேவையில்லாமல் இல்லை. ஆனாலும் மறுத்துவிட்டார். தன்னோடு இருந்து செத்தவர்களின் ரத்தத்தை விற்றுக் காசாக்குவது போல் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

1923-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி முல்லர் காலமானார். மலேரியா அரித்த உடம்பு. 50 வயது நிறைய மூன்று மாதம் பாக்கி. கைக்குழந்தைகளோடு மனைவி நின்றார்.

பாறை மேல் கிடந்த எம்டனை 1950-களில் ஒரு ஜப்பானியக் கம்பெனி பழைய இரும்புக்காக உடைத்து எடுத்துக்கொண்டு போயிற்று. சென்னை ஐகோர்ட்டு மதிலில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டுப் பலகை ஒன்று உண்டு. பிழைத்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசாங்கம் அனுமதி கொடுத்தது. அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் அந்தப் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்தே எழுதி வந்தார்கள்.